வீதி அமைத்தலும் விளைவு கணித்தலும்

வீதிகள் ஒரு நாட்டின் நாடி நரம்புகள் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. வட இலங்கை மக்களுக்கு இதனை எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி போரினால் மூடப்பட்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, போர் ஓய்ந்த 2009இல் மறுபடி திறக்கப்பட்டது. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் பட்ட பாட்டை அறிந்த எவரும் வீதியை இகழ்ந்து பேசார். நாமும் அந்நோக்கில் எழுதப் புகவில்லை.

எனினும், வீதியின் பயனை ஒரு சாரார் அனுபவிக்க, அதன் விலையை வேறொரு சாரார் செலுத்துவது இத்தீவின் இருநூறு ஆண்டு வரலாற்றிலே திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளது. விலை செலுத்தியவர்கள் மனிதர் மட்டுமல்லர். காடும், மலைச்சரிவும், ஆறும், சதுப்பு நிலமும் அதில் அடங்கும். அவ்விலை வீதி வெட்டப்படுவதற்கு முன்னர் கணிக்கப்பட்டதா, வெட்டப்பட்ட பின்னர் கணிக்கப்பட்டதா? இந்த ஒரு வினாவை முன்வைத்தே இலங்கையின் வீதி வரலாற்றைச் சற்று நோக்க விழைகிறோம்.

காடே அரணாக இருந்த காலம்

கண்டி மன்னர்கள் தம் நாட்டுக்குள் அகன்ற வீதிகளை விரும்பியதில்லை. ஒற்றையடிப் பாதைகளும், அவற்றை மறைத்து நின்ற அடர்ந்த காடுகளுமே அவர்களுக்குக் கோட்டை மதிலாயின. எல்லைப்புறக் காடுகளை வெட்டுதல் விலக்கப்பட்டிருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்ட போதிலும் மலைநாட்டை அடக்கமுடியாது போனமைக்கும், 1803இல் கண்டிக்குள் நுழைந்த பிரித்தானியப் படை அழிவுற்றமைக்கும் இக்காடுகளும் ஒரு காரணம். மன்னர் காட்டைக் காத்தது காட்டின்மீது கொண்ட அன்பினால் அன்று, அரசின் பாதுகாப்புக் கருதியே என்பது உண்மை. ஆனால் அந்தக் காவலினால் ஆறுகளின் ஊற்றுக்கண்களும் காக்கப்பட்டன.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிற்று. 1817-18ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி பெரும் இரத்தப்பெருக்கோடு அடக்கப்பட்டது. வீதியின்றி மலைநாட்டை ஆளவியலாது என்னும் பாடத்தை ஆட்சியாளர் இதிலிருந்து கற்றனர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் கொழும்பு - கண்டி வீதி வேலையைத் தொடக்கினார். 72 மைல் நீளமான அவ்வீதியைத் திட்டமிட்ட பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. மலையை வெட்டி வழி சமைத்த கிராமத்தவர்களுக்கோ கோபுரம் எதுவும் இல்லை. மன்னனுக்கு ஆற்றவேண்டிய கடமையாக வழிவழி வந்த இராசகாரிய முறையைப் புதிய ஆட்சி தன் கையிலெடுத்து, அம்மக்களை ஊதியமின்றி வேலை வாங்கியது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல்தான் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது.

படை செல்வதற்காக வெட்டப்பட்ட வீதியில் விரைவிலேயே கோப்பி மூடைகள் இறங்கி வந்தன. வீதியைத் தொடக்கிய பார்ன்ஸ் தாமே பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார் என்பது கருதத்தக்கது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொள்ள வழிசெய்தது. காணி விற்பனையும் காடழிப்பும் பெருகின. தோட்டத்தை நோக்கி வீதியும், வீதியை நோக்கித் தோட்டமும் நகர்ந்தன. 1870களின் இறுதியில் கோப்பிப் பயிர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் பரவியிருந்தது.

முதற் கணக்கு: மக்களின் எதிர்ப்பு

1848இல் தேசாதிபதி டொரிங்டன் புதிய வரிகளோடு வீதிச் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்தார். 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்தல் வேண்டும். இயலாதவர் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். இராசகாரியம் வேறு வேடத்தில் திரும்பி வந்துவிட்டதென மக்கள் கருதினர். அவ்வீதிகளால் பெரிதும் பயனடைந்தவர்களோ தோட்டத் துரைமார்கள். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மாத்தளைப் பகுதியிலே கிளர்ச்சி வெடித்தது. அதனை நடத்திய புரன் அப்பு ஆகஸ்ட் மாதம் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். மக்களைக் கேளாமல் வகுக்கப்பட்ட வீதிக் கொள்கைக்கு வரலாறு எழுதிய முதற் கணக்கு இதுவெனலாம்.

கணக்கிலேயே சேர்க்கப்படாத இன்னொரு கூட்டத்தார் உண்டு. இராசகாரியம் ஒழிந்தபின் வீதி வேலைக்கும், அதன்பின் கோப்பித் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் திரட்டப்பட்டனர். இராமேசுவரம் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், வறண்ட காட்டினூடே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். கொலராவும் மலைக்காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைக் காவுகொண்டன. மாண்டவர் தொகை எவ்வளவு என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒருமித்த கருத்துக் கொண்டாரில்லை. முறையாக எண்ணிப் பதிந்து வைக்க எவரும் முன்வராமையே அதற்குக் காரணம். இன்று மலையகத் தமிழர் என வழங்கும் மக்களின் முன்னோர் சென்ற பாதை அது.

இரண்டாம் கணக்கு: மண்ணின் மறுமொழி

பதினாறு வயதில் வீதி வேலைக்கு வந்து, பின்னர் வீதி ஆணையாளராக உயர்ந்த தோமஸ் ஸ்கின்னர் 1867இல் ஓய்வுபெற்றபோது இத்தீவில் ஏறத்தாழ 3,000 மைல் வீதி அமைந்திருந்தது. அதே ஆண்டில் கண்டிக்குப் புகையிரதமும் வந்து சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலையில் செந்தூள் நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை ஏறக்குறைய முற்றாக அழித்தது. கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. வெட்டப்பட்ட காடு மட்டும் திரும்பவில்லை.

தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் இலங்கையின் மலைக்காடுகள் அழிக்கப்படுவதைக் குறித்து எச்சரித்தார். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்றலும் வெட்டலும் ஆகாதென்னும் கொள்கை அதன் பயனாகவே உருவாயிற்று. நல்ல முடிவுதான்; ஆனால் அதற்குக் கீழே நின்ற காட்டின் பெரும்பகுதி அதற்குள் கோப்பிக்கு இரையாகிவிட்டது. மண்ணரிப்பைத் தடுக்கும் மண் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கோ 1951 வரை காத்திருக்க நேர்ந்தது.

மலைச்சரிவில் வீதி செய்யும் வேலையைச் சற்று விளங்கிக்கொள்ளல் நன்று. வீதியை அகலப்படுத்த மலையின் அடிப்பக்கம் வெட்டப்படுகிறது. மேலுள்ள மண்ணைத் தாங்கி நின்ற கால் இதனால் அறுபடுகின்றது. வெட்டியெடுத்த மண் மறுபுறப் பள்ளத்திலே கொட்டப்படுகிறது; அது மழையோடு ஓடையை அடைந்து, கீழுள்ள வயலையும் குளத்தையும் தூர்க்கின்றது. முன்னர் சரிவெங்கும் பரந்து வடிந்த நீரை வீதியோர வடிகான் ஓரிடத்திற் சேர்த்து மதகு வழியாகப் பீறிட்டுப் பாயவிடுகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில் இவை சிறு தவறுகள் அல்ல. 2021 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவையிலே மண் சரியும் ஆபத்தினால், பார்ன்ஸ் வெட்டிய அதே கண்டி வீதி மூடப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போதும் மலைநாட்டு மண்சரிவுகள் வீதிகளைத் துண்டித்து ஊர்களைத் தனிமைப்படுத்தின. அளவுகடந்த மழை இதற்குக் காரணம் என்பது மெய்யே. அம்மழையைத் தாங்கும் வலுவைச் சரிவிலிருந்து சிறிது சிறிதாகப் பறித்தவர் யார் என்று கேட்பதும் நம் கடனாகும்.

மூன்றாம் கணக்கு: சட்டமும் தீர்ப்பும்

ஒரு பணி தொடங்குமுன் அதன் விளைவுகளை ஆராய்ந்து எழுதிவைக்க வேண்டும் என்னும் விதி, 1969இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் வழியே உலகெங்கும் பரவியது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இயற்றப்பட்டு, 1988இல் அது திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது தேவை என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானி அறிவித்தல் வரையறுத்தது. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளை அமைத்தல் அப்பட்டியலில் இடம்பெற்றது. அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, அவர்தம் கருத்தைக் கேட்டறிதல் வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி. வேறு வழித்தடம் உண்டா, அறவே கட்டாமல் விட்டால் என்ன நேரும் என்பவற்றையும் அவ்வறிக்கை ஆராய வேண்டும்.

இச்சட்டம் உரைத்துப் பார்க்கப்பட்டது தெற்கு அதிவேக நெடுஞ்சாலையிலாகும். கொழும்புக்கு அருகிலுள்ள கொட்டாவையிலிருந்து 2011இல் காலி வரையும், 2014இல் மாத்தறை வரையும் திறக்கப்பட்ட இவ்வீதிக்கு மதிப்பீட்டறிக்கை தயாரிக்கப்பட்டு, 1999இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை நிபந்தனைகளோடு அனுமதி வழங்கியிருந்தது. வெரஸ் கங்கை, பொல்கொடை ஆகிய சதுப்பு நிலங்களை விலக்கிச் செல்லவேண்டும் என்பதும் அந்நிபந்தனைகளில் ஒன்று. நல்ல நோக்கமே. ஆனால் சதுப்பு நிலத்தை விலக்கிய கோடு, அதுவரை பட்டியலில் இல்லாதவர்களின் வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தது. பழைய கோட்டுக்குரிய அறிக்கையைப் பார்த்து, தமக்குத் தீங்கில்லையென எண்ணியிருந்தவர்கள் அவர்கள். புதிய கோட்டுக்கு அவர்களை எவரும் கேட்கவில்லை.

காணி உரிமையாளர் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2004 ஜனவரி 20ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதி வழித்தடம் அனுமதிக்கப்பட்ட திட்டத்தினின்று மாறுபட்டது. ஆதலின் அதிகாரசபையின் புதிய அனுமதி பெற்றிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டோரைக் கேட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அவ்வளவில் வழக்காடியவர்களுக்கு வெற்றிதான். ஆனால் வேலை வெகுதூரம் முன்னேறிவிட்டமையால் கோடு மாறவில்லை. அவர்களுக்கு நட்டஈடே கிடைத்தது. திட்டத்துக்குக் கடன் வழங்கிய ஆசிய அபிவிருத்தி வங்கியின் பரிசீலனைக் குழுவும் 2005இல், வங்கி தன் சொந்த விதிகளையே முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை எனக் கண்டது. அதற்குள் நிலம் வெட்டப்பட்டாயிற்று.

1848, 1873, 2004 என்னும் மூன்று ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின் ஒரு பொதுமை புலனாகும். மூன்றிலும் உண்மை வெளிவந்தது. மூன்றிலும் அது காலந்தாழ்ந்தே வெளிவந்தது. மதிப்பீடு என்னும் சொல் நம் சட்டத்தில் இருக்கின்றது. அது கோடு வரையுமுன் வருகிறதா, வரைந்தபின் வருகிறதா என்பதிலேதான் அதன் பொருள் தங்கியுள்ளது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் இதனையே வலியுறுத்தினார். சுற்றாடல் மதிப்பீடு ஒரு திட்டம் தீர்மானிக்கப்பட்டபின் ஒட்டப்படும் தாளாகாது, தொடக்கத்திலிருந்தே அதன் பகுதியாக அமையவேண்டும் என்பதும், அங்கு வாழும் மக்களுக்கு அதிலே சிறப்பிடம் வேண்டும் என்பதும் அவர் கருத்து.

நம் கடன்

இன்று நம் ஊர்களில் புதிய நெடுஞ்சாலைகளைக் காட்டிலும் மிகுதியாக நடைபெறுவது பழைய வீதிகளை அகலப்படுத்தித் தரமுயர்த்தும் வேலையே. பழைய வீதிதானே, புதிதாக என்ன கேடு வந்துவிடும் என்று நாம் எண்ணுவதுண்டு. அகலமாகும் ஒவ்வொரு மீற்றரும் எங்கோ ஒரு மலையிலிருந்து கருங்கல்லையும், ஓர் ஆற்றிலிருந்து மணலையும், ஒரு மேட்டிலிருந்து கிரவலையும் கொண்டுவருகிறது. நிழல் தந்த மருதும் புளியும் வீழ்கின்றன. உயர்த்தப்பட்ட வீதி தாழ்ந்த நிலத்தின் வெள்ளத்தை மறித்து, வீதியோரக் குடிசைக்குள் திருப்பிவிடுகிறது. இத்தகைய வேலைகளுக்குப் பெரும்பாலும் முழு மதிப்பீடு அன்றி, ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்னும் சிறிய அறிக்கையே தயாரிக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அச்சிறிய அறிக்கைக்கு மக்கள் கருத்தைக் கட்டாயமாகக் கேட்கும் ஏற்பாட்டை நீக்கிவிட்டது. ஆயினும் அது பொது ஆவணமே. கேட்டுப் பெறும் உரிமை நமக்குண்டு.

இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் நம்மில் எத்தனைபேர்? பொறியியல் கற்றோரும், ஆசிரியரும், சட்டம் பயின்றோரும் இல்லாத பங்கு அரிது. ஊரில் வீதி வேலை தொடங்கவிருக்கின்றதென அறிந்தால், நால்வர் கூடிப் பிரதேச செயலகத்துக்குச் சென்று அறிக்கை உண்டாவெனக் கேட்கலாம். மதகுகள் போதுமா, வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவர், மணல் எங்கிருந்து வரும், வீடிழப்போர் யார், அவர்களிடம் பேசியாயிற்றா என வினவலாம். விடையை ஊராருக்கு எளிய தமிழில் எடுத்துரைக்கலாம். வீதியைத் தடுக்கும் செயல் அன்று இது. வீதி நிலைத்து நிற்கவும், அதன் விலையை ஏழை ஒருவனே தனித்துச் சுமவாதிருக்கவும் செய்யும் பணியாகும்.

மன்னார்க் காட்டில் மாண்டவர்களை எண்ணி வைக்க அன்று எவரும் இலர். இன்று எண்ணுவதற்குச் சட்டமும் உண்டு, எழுத்தறிவும் உண்டு. வீதி வெட்டப்படுவதற்கு முன்னரே நாம் எழுந்து கேட்போமாயின், அடுத்த தலைமுறை எழுதும் வீதி வரலாறு வேறாக அமையும்.