சிரிக்கத் தெரிஞ்ச சாமியார்

எங்க வரதராஜன்பேட்டையில அன்பியக் கூட்டம்னாலே பொடிசுங்க நாங்க நழுவிடுவோம். ஜெபமாலை நடுவுல சிரிச்சுட்டு ஒரு பாட்டிகிட்ட செம திட்டு வாங்கியிருக்கேன். பக்தின்னா முகத்தை உம்முனு வெச்சுக்கணுமாம்!

ஆனா நம்ம ஜில்லாவுலயே, ஏலாக்குறிச்சியில இருந்த வீரமாமுனிவர் (1680-1747) அப்படி நினைக்கலைங்க. உபதேசியார்களுக்கு 'வேதியர் ஒழுக்கம்' எழுதின அதே இத்தாலிக்காரர்தான் 'பரமார்த்த குருவின் கதை'யும் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீடர்கள். ஆறு தூங்குதான்னு கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்ப்பாங்க. கரையேறினதும், எண்ணுறவன் தன்னை விட்டுட்டு எண்ணி, ஒரு ஆளைக் காணோம்னு ஒப்பாரி வேற! பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு நம்புற கூத்து தனி.

பேச்சுத்தமிழ் படிக்கிற வெளிநாட்டுப் பாதிரியார்களுக்கான வாசிப்புப் பாடம் இது. 1822ல பாபிங்டன் லண்டன்ல ஆங்கில மொழிபெயர்ப்போட அச்சுல போட்டார். இந்து மடங்களை நக்கலடிக்கத்தான் எழுதினார்னு சொல்றவங்களும் உண்டு. இருக்கலாம். ஆனா குருவைப் பத்தின கிண்டலைப் படிக்க வேண்டியிருந்தவங்களும் குருமார்தானே :-)

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனப்ப, அன்பியத்துல குதிரை முட்டை கதையைச் சொன்னேன். முதல்ல சிரிச்சது அந்தப் பாட்டிதான்.