தரை இடைவெளி

தரை இடைவெளி என்பது, சமதரையில் நிற்கும் ஓர் ஊர்தியின் அடியில் மிகத் தாழ்ந்திருக்கும் பாகத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவு ஆகும். சக்கரங்களும் அவற்றோடு ஒட்டிய சில பாகங்களும் இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. இது பொதுவாக மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. விரைவோட்டத்துக்கென வடிவமைக்கப்பட்ட தானுந்துகளில் இது 100 முதல் 130 மி.மீ. வரையும், காட்டுவழி ஊர்திகளில் 200 மி.மீ.க்கு மேலும் இருப்பது வழக்கம். அன்றாடத் தானுந்துகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

இடைவெளி குறையும்போது ஊர்தியின் ஈர்ப்பு மையம் தாழ்கிறது, வளைவுகளில் நிலைப்பு கூடுகிறது, காற்றுத்தடையும் குறைகிறது. ஆகவே தார்ச்சாலைக்கான ஊர்திகள் தாழ்வாகவே அமைக்கப்படுகின்றன. அதே ஊர்தி கல்லும் குழியும் நிறைந்த மண்சாலையில் இறங்கும்போது இந்த நன்மைகள் பயன்படுவதில்லை.

அளவும் கோணங்களும்

ஓர் ஊர்தி ஒரு மேட்டைக் கடக்குமா என்பதைத் தரை இடைவெளி மட்டும் தீர்மானிப்பதில்லை. மூன்று கோணங்களையும் சேர்த்து நோக்க வேண்டும். முன்பக்கப் பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின் அளவு அணுகு கோணம். பின்பக்கம் இடிக்காமல் இறங்கக்கூடியது விலகு கோணம். முன் பின் சக்கரங்களுக்கு நடுவே வயிற்றுப் பகுதி தட்டாமல் கடக்கக்கூடிய முகட்டின் அளவு முகட்டுக் கோணம்.

முகட்டுக் கோணத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். நடுப்பகுதியின் இடைவெளியை இரண்டால் பெருக்கி, முன் பின் சக்கரங்களின் இடைத்தொலைவால் வகுத்து, அந்த விகிதத்தைத் தொடுகோட்டு மதிப்பாகக் கொண்ட கோணத்தை இரட்டிக்க வேண்டும். சக்கர இடைத்தொலைவு 2500 மி.மீ., இடைவெளி 165 மி.மீ. எனில் கோணம் ஏறத்தாழ 15 பாகை. இடைத்தொலைவு 3000 மி.மீ., இடைவெளி 200 மி.மீ. எனினும் விடை ஏறக்குறைய அதுவே. எனவே, உயரமான நீண்ட ஊர்தி தட்டி நிற்கும் முகட்டைத் தாழ்ந்த சிறு தானுந்து கடந்துவிடுவதில் வியப்பில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எரிபொருட் சிக்கன விதிகளும் தனியொரு எண்ணை நம்புவதில்லை. சாலைக்கு வெளியே ஓடத்தக்கது என வகைப்படுத்தப்படும் ஊர்தி, அணுகு கோணம் 28 பாகை, முகட்டுக் கோணம் 14 பாகை, விலகு கோணம் 20 பாகை, ஓட்ட இடைவெளி 20 செ.மீ., அச்சுகளின் கீழ் இடைவெளி 18 செ.மீ. என்னும் ஐந்து குறைந்த அளவுகளில் நான்கையாவது நிறைவு செய்ய வேண்டும்.

விளம்பர ஏடுகளில் காணும் எண், ஆளில்லா ஊர்தியில் அளந்ததாகவும் இருக்கலாம். ஐவர் ஏறி, பின்னால் மூட்டை முடிச்சுகளும் வைக்கப்பட்டால் சுருள்வில்கள் அமுங்கி, குறிப்பாகப் பின்பக்கம், சில சென்டிமீட்டர் தாழும்.

அடிபடும் பாகங்கள்

பெரும்பாலான தானுந்துகளில் முதலில் இடருக்குள்ளாவது, எஞ்சினுக்குக் கீழே தொங்கும் ஆயில் சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டி. ஒரே கல் இதனைப் பிளந்துவிடக்கூடும். எண்ணெய் வடிந்த பின்னும் எஞ்சின் ஓடினால் தாங்கிகள் உருகி இறுகிப்போகும். ஆகையால் எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்த நொடியே எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். அடுத்த ஊர்வரை சென்று பார்க்கலாம் என்பது எஞ்சினையே இழக்கும் வழி. சைலன்சர் குழாய், எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய்கள் ஆகியவையும் அடிபடலாம். மின் தானுந்துகளில் மின்கலத் தொகுதி பெரும்பாலும் அடித்தளம் முழுவதும் பரவியிருக்கிறது. அதில் விழும் அடி செலவு மிக்கதும் சில வேளை தீ அபாயம் உடையதும் ஆகும்.

மண்சாலையில் ஓட்டும் முறை

புதியவர்கள் வழியிலுள்ள கல்லை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுக் கடக்க முயல்வர். உயரமான ஊர்தியில் இது சரி. தாழ்ந்த ஊர்தியில் நேர்மாறு. உருண்டையான கல்லின்மீது டயரின் மிதிபரப்பை மெல்ல ஏற்றினால் ஊர்தியின் அந்தப் பக்கமே உயர்கிறது, அடிப்பகுதி தப்புகிறது. கூர்மையான கல்லாயின் ஏற்றாமல் ஒதுங்கிச் செல்ல வேண்டும், ஏனெனில் டயரின் பக்கச்சுவர் எளிதில் கிழியும். லாரிகளும் டிராக்டர்களும் ஓடி நடுவில் வரப்புப்போல் மேடு எழுந்த பாதையில், ஒரு பக்கச் சக்கரங்களை அந்த மேட்டின்மீதும் மறுபக்கச் சக்கரங்களைப் பாதையின் ஓரத்திலும் வைத்துச் செல்வதே வழி.

பிரேக் அழுத்தும்போது ஊர்தியின் மூக்கு தாழ்கிறது. ஆகவே குழிக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, சக்கரம் குழிக்குள் இறங்கும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். குறுக்கே ஓடும் வரப்பைச் சற்றுச் சாய்வாகக் கடந்தால் சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். பக்கச் சரிவு மிகுந்த இடத்தில் இது கூடாது. மிக மோசமான இடத்தில் பயணிகளை இறங்கி நடக்கச் செய்வது, செலவின்றி இடைவெளியைக் கூட்டும் வழி. அவர்களுள் ஒருவர் முன்னால் நின்று அடிப்பகுதியைப் பார்த்து வழிகாட்டினால் மேலும் நன்று.

மண்சாலைகளில் சலவைப் பலகை போன்ற சிறு வரிமேடுகள் தோன்றுவதுண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உருளும் சக்கரமே மணலில் இவற்றை உண்டாக்குகிறது என்பதை 2007 இல் வெளியான ஆய்வு காட்டியது. வேகமாகச் சென்றால் அதிர்வு குறைவதுபோல் தோன்றும். ஆனால் டயர் தரையைத் தொடும் நேரமும் குறைவதால் திருப்புதலும் நிறுத்துதலும் கட்டுப்பாடற்றுப் போகும்.

மணலில் டயரின் காற்றைக் குறைப்பது பிடிப்பைக் கூட்டும், இடைவெளியைச் சற்றுக் குறைக்கும். காய்ந்த புல்லின்மீது தாழ்ந்த ஊர்தியை நிறுத்தினால் சூடான புகைக்குழாயிலிருந்து தீப்பற்றலாம்.

வயிறு தட்டி நின்றுவிட்டால் எஞ்சினை முறுக்குவதால் பயனில்லை. ஜாக்கியால் தூக்கி, சக்கரங்களின் கீழ்க் கற்களை அடுக்கி வெளியேற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியில் படுத்தல் உயிருக்கு ஆபத்து.

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், தாமே நகர்ந்த கற்களுக்குப் பெயர்பெற்ற ரேஸ்டிராக் உலர்ஏரிக்குச் செல்லும் ஏறத்தாழ 42 கி.மீ. மண்பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வரிமேடுகளும் கூரிய கற்களும் நிறைந்த அப்பாதையில் டயர் கிழிவது அடிக்கடி நிகழ்வதால், பூங்கா நிருவாகம் தரை இடைவெளி மிகுந்த ஊர்தியையும் வலுவான டயர்களையும் பரிந்துரைக்கிறது. கோடையில் அங்கு ஊர்தி பழுதடைவது வெறும் காலத்தாமதம் அன்று.

வரலாறு

தானுந்தின் தொடக்க காலத்தில் பெரும்பாலான சாலைகள் மண்சாலைகளே. 1908 இல் வெளிவந்த போர்டு மாடல் டி, வண்டித்தடங்களைக் கடக்கும் வகையில் உயரமாக அமைக்கப்பட்டது. சாலைகள் சீரானபோது ஊர்திகள் தாழ்ந்தன. 1948 இல் பாரிசில் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி, உழுத வயலின் குறுக்கே முட்டைக் கூடையை உடையாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் நோக்கோடு உருவானது. அதே நிறுவனத்தின் டிஎஸ் (1955) ஓட்டுநரே உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது.

இந்தியாவில் இந்த அளவு வரியையும் தொட்டது. 2013 இல் கூடுதல் உற்பத்தி வரிக்கான ஊர்திகளை வரையறுத்தபோது, நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 கன செ.மீ.க்கு மேல் என்பவற்றோடு, தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்பதும் நிபந்தனையாயிற்று. பின்னர் வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் மேல்வரியிலும் இந்த அளவு இடம்பெற்றது. அதனைச் சுமையற்ற நிலையில் அளக்க வேண்டும் என 2023 சூலையில் தெளிவுபடுத்தப்பட்டது. தானுந்துகள்மீதான அந்த மேல்வரி 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது.