காற்றாடிய ஆடையும் புதுச்சேரி நீலத்துணியும்

அணிந்து களைந்த சட்டையைக் கொடியில் காற்றாடப் போட்டு மறுநாள் மீண்டும் உடுத்தலாமா, அன்றித் துவைத்தே ஆகவேண்டுமா? முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் இக்கேள்வி எழாத வீடு குறைவு. இதனை எண்ணும்போது நம் ஊரின் பழைய வணிகம் ஒன்று நினைவுக்கு வருகிறது.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து 'கினே' எனும் நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. அவுரியிலிருந்து எடுத்த நீலத்தைத் தொட்டியில் கரைத்துத் துணியைத் தோய்ப்பர். வெளியே எடுக்கும்போது அது பச்சை கலந்த மஞ்சளாகவே இருக்கும். காற்றுப் பட்ட பின்னரே நீலமாகும். செனகல் ஆற்றங்கரையில் மூர் முஸ்லிம்கள் கருவேல இனப் பிசினைக் கொடுத்து இத்துணியைப் பெற்றனர். அங்கே அது நாணயம் போலவே புழங்கிற்று. அதன் தரத்தை வரையறுக்க 1843இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணையே பிறப்பித்தது.

அச்சாயம் உடலிலும் ஒட்டும். அதனை அம்மக்கள் குறையாகக் கருதவில்லை. நீர் அரிதான பாலையில் நாள்தோறும் துவைப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. எனினும் அவர்கள் தொழுதது அவ்வாடையிலேதான்.

தொழுகை கூடுமா எனில், கூடும். வியர்வை நஜீஸ் அன்று. வியர்த்த ஆடை நாறலாம்; ஆனால் நாற்றம் வேறு, அசுத்தம் வேறு. நாற்றத்தையும் எளிதாக எண்ணிவிடலாகாது. பச்சைப் பூண்டு உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தது அருகில் நிற்போரின் நலம் கருதியே அல்லவா?

சிறுநீரோ இரத்தமோ பட்ட ஆடையின் நிலை வேறு. நஜீஸ் பட்ட தரை காய்ந்து, அதன் அடையாளமும் மறைந்தால் அங்கே தொழலாம் என்பர் ஹனஃபிகள். ஷாஃபிஈகள் அதற்கும் நீர் வேண்டும் என்பர். ஆனால் சிறுநீர் பட்ட ஆடை வெறுமனே காய்வதால் தூய்மையாகாது என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. தயம்மும் உளூவுக்கும் குளிப்புக்கும் ஈடாகுமேயன்றி ஆடைக்கு ஆகாது.

பாலைக்காற்று வறண்டது; வியர்வையை விரைவில் உலர்த்தும். நம் கடற்காற்றோ ஈரம் சுமந்தது. ஐப்பசி மழையில் இரவு முழுதும் கொடியில் கிடந்த சட்டை, காலையில் முன்னிலும் மோசமாக நாறுவதை நாம் அறிவோம். பங்குனி வெயிலில் ஒருநாள் உடுத்திய மேல்சட்டைக்குக் காற்றே போதும். குழந்தை நனைத்த சேலைக்கோ, அது எவ்வளவு நன்றாக உலர்ந்திருப்பினும், அஸருக்கு முன் நீர் வேண்டும்.