"நீங்க ஓட்டுற விதம்தான் பிரச்சினை": ஃபோர்டு பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸின் கதை

சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு ரெண்டு பதில் நல்லாவே பழக்கம். ஒண்ணு, "என் மெஷின்ல ஓடுதே." இன்னொண்ணு, "யூசர் தப்பா யூஸ் பண்ணியிருப்பாங்க." ஒரு பக் டிக்கெட்டை மூட இதைவிட வசதியான வழி கிடையாது. இதே ரெண்டு பதிலையும் ஒரு கார் கம்பெனி முப்பது வருஷ இடைவெளியில எப்படிச் சொல்லுச்சு, கோர்ட்ல அதுக்கு என்ன ஆச்சு, அதான் இன்னைக்கு எபிசோடு. கம்பெனி, ஃபோர்டு.

முதல்ல 1983. அந்தக் காலத்து பெட்ரோல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் எப்போ பொறி விடணும்னு முடிவு பண்ண, டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒரு பாகம் இருக்கும். ஃபோர்டு ஒரு எலெக்ட்ரானிக் மாட்யூலைச் செஞ்சு, அதை நேரா அந்த டிஸ்ட்ரிபியூட்டர் மேலயே பொருத்திச்சு. பேரு திக் ஃபிலிம் இக்னிஷன், சுருக்கமா டி.எஃப்.ஐ. 1983-ல இருந்து 1995 வரைக்கும் வந்த பல மாடல்கள்ல இது இருந்துச்சு. மொத்தம் 2 கோடி வண்டிக்கு மேல.

டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கிறது எஞ்சின் மேல. எஞ்சின் கொதிக்கும். எலெக்ட்ரானிக்ஸுக்கும் சூட்டுக்கும் ஆகாதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், லேப்டாப்பை மெத்தை மேல வெச்சு வேலை பார்த்தவங்களுக்கு இன்னும் நல்லா தெரியும். மாட்யூல் சூடாகி மக்கர் பண்ணும். பொறி நிக்கும். ஓடிக்கிட்டிருக்கிற வண்டி அப்படியே ஆஃப் ஆகும்.

ஓடுற வண்டியில எஞ்சின் நின்னா வேகம் குறையிறது மட்டும் இல்ல. பவர் ஸ்டீயரிங் உதவி போயிடும், ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆகும். பிரேக் ஒண்ணு ரெண்டு மிதி வரைக்கும் பழைய மாதிரி பிடிக்கும், அப்புறம் முழு பலத்தையும் போட்டு மிதிக்கணும். ஹைவேல நடு லேன்ல இது நடந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஓனர் எப்படியோ வண்டியை ஓரம் கட்டிட்டு உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரத்துல எஞ்சின் ஆறும், மாட்யூலும் ஆறும். சாவியைத் திருப்பினா வண்டி ஸ்டார்ட் ஆகும்! மறுநாள் மெக்கானிக்கிட்ட கொண்டு போனா, அவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு "ஒண்ணுமே இல்லையே சார்"னு சாவியைக் கையில கொடுப்பார். நம்ம பாஷையில சொன்னா, ரீப்ரொட்யூஸ் பண்ண முடியாத பக். இந்த மாதிரி பக்ல எப்பவுமே புகார் சொல்றவர் மேலதான் சந்தேகம் விழும்.

அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்.எச்.டி.எஸ்.ஏ., 1980-கள்ல ஃபோர்டு வண்டிகள் இப்படி நின்னு போறதைப் பத்தி ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை விசாரிச்சுது. ஒவ்வொரு தடவையும் ரீகால் எதுவும் இல்லாம ஃபைல் மூடப்பட்டது. அப்புறம் கலிஃபோர்னியாவுல ஓனர்கள் சேர்ந்து கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு போட்டாங்க. 1999-ல நடந்த ஜூரி விசாரணை முடிவுக்கு வராமலே நின்னு போச்சு. ஆனா அலமேடா கவுண்டி நீதிபதி மைக்கேல் பாலச்சே வழக்கை விடல. 2000-ல அவர் கொடுத்த முடிவு: மாட்யூல் சூட்டுல செயலிழக்குதுன்னு ஃபோர்டுக்குத் தெரியும், தெரிஞ்சும் அரசுக்கிட்டயும் வாங்கினவங்ககிட்டயும் மறைச்சுது. அதே வருஷம் அக்டோபர்ல கலிஃபோர்னியாவுல சுமார் 17 லட்சம் வண்டிகளை ரீகால் பண்ணச் சொல்லி உத்தரவு. அமெரிக்காவுல ஒரு நீதிபதி கார் ரீகாலுக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவைன்னு அன்னைக்குப் பேசப்பட்டது. எங்க மேல தப்பே இல்ல, வண்டி பாதுகாப்பானதுதான்னு ஃபோர்டு கடைசி வரைக்கும் சொல்லிச்சு. 2001-ல சமரசம் பேசி, மாட்யூலுக்கு 1 லட்சம் மைல் வரைக்கும் வாரண்டி நீட்டிச்சுது.

இந்த டி.எஃப்.ஐ. கதையை மனசுல வெச்சுக்கோங்க. சூடான பாகத்து மேல எலெக்ட்ரானிக்ஸைப் பொருத்துற வேலை மறுபடியும் வரப் போகுது.

இப்போ 2008-க்கு வருவோம். அமெரிக்காவுல பெட்ரோல் விலை ஒரு காலனுக்கு 4 டாலரைத் தாண்டிருச்சு. பெரிய எஸ்.யு.வி.யும் பிக்கப்பும் வித்துப் பிழைச்ச கம்பெனிகளுக்கு உடனே சின்ன காரும் மைலேஜும் தேவைப்பட்டுது. ஃபோர்டோட பதில், ஃபியஸ்டாவும் புது ஃபோகஸும். ஹைவேல காலனுக்கு 40 மைல்னு விளம்பரம், அதாவது லிட்டருக்கு கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். அந்த நம்பரை எட்ட உதவினதுல ஒண்ணுதான் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ். கம்பெனிக்குள்ள அதோட பேரு டி.பி.எஸ்.6.

இங்க கொஞ்சம் எஞ்சினியரிங் பேசியாகணும். பழைய பாணி ஆட்டோமேட்டிக்ல எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வர்ட்டர் இருக்கும். ரெண்டு காத்தாடியை எதிரெதிரா எண்ணெய்க்குள்ள வெச்ச மாதிரி. ஒண்ணு சுத்தினா எண்ணெய் தள்ளி இன்னொண்ணு சுத்தும். வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தாலும் தேயறதுக்கு அங்க எதுவும் இல்ல, எண்ணெய்தான் வழுக்கும். ஆனா அந்த வழுக்கல்ல கொஞ்சம் பெட்ரோல் வீணாகும்.

டூயல் கிளட்ச் வேற ரகம். உள்ளுக்குள்ள அது ஒரு மேனுவல் கியர்பாக்ஸ்தான். 1, 3, 5 கியருக்கு ஒரு கிளட்ச், 2, 4, 6 கியருக்கு இன்னொரு கிளட்ச். ஒண்ணு வேலை செய்யும்போது அடுத்த கியர் தயாரா நிக்கும். அடால்ஃப் கெக்ரெஸ்ங்கிற பிரெஞ்சு எஞ்சினியர் 1939-லயே இந்த ஐடியாவை யோசிச்சுட்டார். ஆனா ரெண்டு கிளட்சையும் சரியா ஒருங்கிணைக்க கம்ப்யூட்டர் வர வேண்டியிருந்தது. கடையில வாங்குற காருக்கு அது வந்தது 2003-ல, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல. அது எண்ணெய்க்குள்ள மூழ்கின ஈர கிளட்ச். ஃபோர்டு அந்தச் சின்ன கார்களுக்குத் தேர்ந்தெடுத்தது உலர் கிளட்ச். எண்ணெய் வேணாம், எண்ணெய் பம்ப் வேணாம், எடை குறைவு, மைலேஜ் கூட.

கார் ஓட்டக் கத்துக்கிட்ட எல்லாரும் ஒரு திட்டு வாங்கியிருப்போம்: "ஹாஃப் கிளட்ச்ல ஓட்டாதே, பிளேட் தேஞ்சிடும்." சிட்டி டிராஃபிக்ல உலர் டூயல் கிளட்ச் செய்யறது அதேதான். முன்னாடி வண்டி ரெண்டு அடி நகர்ந்தா நீங்க பிரேக்கை விடுவீங்க, உங்களுக்காக ஒரு மோட்டார் ஹாஃப் கிளட்ச் பிடிக்கும். ஒரு சிக்னலுக்குள்ள பத்து தடவை. அந்தச் சூட்டைத் தூக்கிட்டுப் போக எண்ணெயும் கிடையாது.

டி.பி.எஸ்.6-ல இதுக்கு மேல ரெண்டு கோளாறு சேர்ந்துது. கியர்பாக்ஸ் தண்டோட சீல் வழியா எண்ணெய் கசிஞ்சு, உலர்ந்தே இருக்க வேண்டிய கிளட்ச் மேல பட்டுது. விளைவு, வண்டி கிளம்பும்போது மாட்டு வண்டி மாதிரி ஒரு குலுக்கல். ரெண்டாவது, எல்லாத்தையும் ஆட்டிவைக்கிற கன்ட்ரோல் மாட்யூல். அதைப் பொருத்தின இடம் கியர்பாக்ஸ் மேலயே. சூடு, அதிர்வு ரெண்டும் சேர்ந்து உள்ளே சால்டர் இணைப்புகள்ல விரிசல். அப்படி ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகாது, இல்லன்னா ஓடிக்கிட்டிருக்கும்போதே சக்கரத்துக்குப் போற சக்தி அறுந்துடும். கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி மறுபடி ஓடவும் செய்யலாம். 1983 ஞாபகம் வருதா?

ஓனர்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனாங்க. பெரும்பாலும் முதல்ல கிடைச்சது சாஃப்ட்வேர் அப்டேட். எனக்கு இந்த இடம் கொஞ்சம் வலிக்கும், ஏன்னா இது நம்ம தொழில். கிளட்ச் எப்போ எவ்வளவு பிடிக்கணும்னு கோடுல மாத்தலாம், குலுக்கலைக் கொஞ்சம் மறைக்கலாம். கசியுற சீலையும் விரிஞ்ச சால்டரையும் கோடு எழுதி ஒட்ட முடியாது. ஆனா கிளட்சை மாத்தணும்னா கியர்பாக்ஸை இறக்கணும், அப்டேட்டுக்கு ஒரு லேப்டாப்பும் கேபிளும் போதும். எதைத் தேர்ந்தெடுப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சில வாரம் ஓடும், மறுபடி குலுங்கும், மறுபடி அப்டேட்.

அமெரிக்காவுல 2012-லயே கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு ஆரம்பிச்சுது. கிட்டத்தட்ட 20 லட்சம் ஓனர்கள் அதுக்குள்ள வந்தாங்க. 2017-ல ஒரு சமரச ஒப்பந்தம். அதோட விலைப்பட்டியல் சுவாரசியமானது: பாகம் மாத்த மூணு தடவை அலைஞ்சிருந்தா 200 டாலர்ல ஆரம்பிச்சு ஏறும். வெறும் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு அலைஞ்சிருந்தா, மூணாவது தடவைல இருந்து ஒவ்வொண்ணுக்கும் 50 டாலர். இது போதாதுன்னு சிலர் மேல்முறையீடு போக, 2020-லதான் திருத்தின ஒப்பந்தத்துக்கு இறுதி அனுமதி கிடைச்சுது. நடுவுல 2019 ஜூலைல டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் பத்திரிகை கம்பெனியோட உள் ஆவணங்களை வெச்சு ஒரு பெரிய கட்டுரை போட்டுது. வண்டி கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே இந்தக் கியர்பாக்ஸ் சரியில்லைன்னு உள்ளே எச்சரிக்கை இருந்ததா அது சொல்லிச்சு. சரி பண்ண நினைச்சதைவிட அதிக நேரம் ஆயிடுச்சு, ஆனா வண்டி பாதுகாப்பானதுதான்னு ஃபோர்டு பதில் சொல்லிச்சு. "பாதுகாப்பானதுதான்" என்கிற அந்த வார்த்தை 2000-லயும் கேட்டதுதான்.

ஆனா இந்தக் கதையில என்னை ரொம்ப உறுத்தினது ஆஸ்திரேலியா. அங்க ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் மூணுலயும் பவர்ஷிஃப்ட். சுமார் 70,000 வண்டி. புகாரோட வந்தவங்ககிட்ட சொல்லப்பட்டது: இந்தக் குலுக்கல் நீங்க ஓட்டுற விதத்தால வருது. புதுசா ஒரு கார் வாங்கி, மாசாமாசம் தவணை கட்டிக்கிட்டு, சிக்னல்ல குழந்தையோட நிக்கும்போது வண்டி துள்ளுது. கவுண்டர்ல ஒருத்தர் "உங்களுக்கு ஓட்டத் தெரியல"ங்கிறார். நாலு தடவை கேட்டா நமக்கே நம்ம மேல சந்தேகம் வந்துடும். பணம் திருப்பிக் கொடுக்க மறுத்தாங்க. வேற வண்டி வேணும்னா மேல காசு கட்டுன்னாங்க.

அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் ஏ.சி.சி.சி. 2017-ல வழக்கு போட்டுது. 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரைக்கும் வந்த 510 புகார்களை நடத்தின விதம் மனசாட்சிக்கு ஒவ்வாததுன்னு ஃபோர்டே கோர்ட்ல ஒத்துக்கிட்டுது. இந்தக் கியர்பாக்ஸ்ல தரப் பிரச்சினை இருக்குன்னு 2013-லயே கம்பெனிக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் ஓனர் மேல பழி. 2018 ஏப்ரல்ல 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அதே வருஷம் தாய்லாந்துலயும் ஒரு கோர்ட், வழக்கு போட்ட சுமார் 290 ஓனர்களுக்கு ஏறக்குறைய 2.3 கோடி பாட் கொடுக்கச் சொல்லிச்சு.

ஆஸ்திரேலியாவுல ஓனர்கள் தனியா போட்ட கிளாஸ் ஆக்‌ஷன் இன்னும் நீளமா போச்சு. 2021-ல நீதிபதி பெர்ரம், சீல்ல இருந்து கன்ட்ரோல் மாட்யூல் வரைக்கும் ஒவ்வொரு பாகமா பிரிச்சுப் பார்த்து, இந்த வண்டிகள் ஏற்கத்தக்க தரத்துல இல்லைன்னு தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதி இவ்வளவு பொறுமையா ரூட் காஸ் அனாலிசிஸ் பண்ணினதை நம்ம பல ஆபீஸ்ல கூட பார்க்க முடியாது. நஷ்டத்தை எந்த நாள்ல வெச்சுக் கணக்குப் போடுறதுங்கிற ஒரு கேள்வி மட்டும் அந்த நாட்டோட உச்சபட்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2024 நவம்பர்லதான் பதில் வந்தது.

ஃபோர்டை மட்டும் சொன்னா நியாயமா இருக்காது. ஃபோக்ஸ்வாகனோட ஏழு கியர் உலர் டூயல் கிளட்சும் சீனாவுல மாட்டிச்சு. 2013 மார்ச் 15, நுகர்வோர் தினத்தன்னைக்கு அரசு டிவி நிகழ்ச்சியில ஓனர்களோட புகார் ஒளிபரப்பாச்சு. சில நாள்லயே 3,84,181 வண்டிக்கு ரீகால். அமெரிக்காவுல வருஷக்கணக்கா கோர்ட்ல இழுத்தது, அங்க ஒரு டிவி ஷோவுல முடிஞ்சுது. எது நல்ல முறைன்னு நீங்களே சண்டை போட்டுக்கோங்க.

கடைசியா நம்ம மறைமலை நகர். சென்னைக்குப் பக்கத்துல ஃபோர்டு ஆலையில செஞ்ச ஈகோஸ்போர்ட் 2013-ல இந்தியாவுக்கு வந்தது. அதோட பெட்ரோல் ஆட்டோமேட்டிக்ல இருந்ததும் இதே உலர் கிளட்ச் பவர்ஷிஃப்ட்தான். 2017 நவம்பர்ல வந்த புது மாடல்ல அதைத் தூக்கிட்டு, பழைய பாணி டார்க் கன்வர்ட்டரைப் போட்டாங்க. 2022 ஜூலைல கடைசி ஈகோஸ்போர்ட் வெளிய வந்து லைன் நின்னு போச்சு, ஆனா ரோட்டுல இன்னும் நிறைய ஓடுது. செகண்ட் ஹேண்ட்ல பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஈகோஸ்போர்ட் பார்க்கிறவங்க, அது 2017 நவம்பருக்கு முந்தின மாடலான்னு ஆர்.சி.யில பாருங்க. முந்தினதுன்னா, கிளட்சும் கன்ட்ரோல் மாட்யூலும் எப்போ மாத்தினாங்கன்னு பழைய சர்வீஸ் பில்லைக் கேளுங்க. டெஸ்ட் டிரைவை காலி ரோட்டுல வேணாம். வண்டி நல்லா சூடான பிறகு, சாயங்காலம் ஆறு மணி டிராஃபிக்ல, அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்க.