பட்டினிக் கோபுரத்தின் கைதி

ஜோஷுவா றெனோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் 1773 ஆம் ஆண்டு இலண்டன் றோயல் அக்கடமியில் காட்சிக்கு வைத்த ஓவியமொன்று இன்று கென்ட் பிரதேசத்தின் நோல் மாளிகையில் இருக்கின்றது. இருண்ட சிறையில் நரைத்த தாடியுடைய முதியவர் ஒருவர் வெறித்த பார்வையுடன் அமர்ந்திருக்கிறார். அருகே பசியால் துவண்ட பிள்ளைகள். விபரமறியாத எவரும் அவரைத் துரோகி என்று கருதமாட்டார்கள்.

அவர் பீசா நகரை ஆண்ட உகொலினோ பிரபு. 1284 ஆம் ஆண்டு மெலோரியா கடற்சமரில் ஜெனோவாவிடம் பீசா படுதோல்வியடைந்தது. புளோரன்சும் லூக்காவும் ஜெனோவாவுடன் கைகோத்து நின்றன. சில கோட்டைகளைக் கொடுத்து அந்தக் கூட்டணியை உகொலினோ உடைத்தார். அதுவே பின்னர் காட்டிக்கொடுப்பு எனப்பட்டது. தோற்றுப்போன நகரமொன்று உயிர்பிழைக்கக் கொடுத்த விலையாகவே அதனை நான் காண்கிறேன். தோல்விக்குப் பின்னர் துரோகியைத் தேடுவது எந்தச் சமூகத்துக்கும் எளிது. ஆயினும், அவர் அப்பாவியல்லர். பேராயர் றுஜ்ஜியேரியுடன் சேர்ந்து, ஆட்சியில் பங்காளியாகவிருந்த தமது மகளின் மகனையே வெளியேற்றியவர்.

அதே பேராயர் 1288 இல் மக்களைக் கிளர்ந்தெழச் செய்து, உகொலினோவை இரு புதல்வர்களுடனும் இரு பேரர்களுடனும் கோபுரமொன்றில் அடைத்தார். 1289 மார்ச்சில் உணவு நிறுத்தப்பட்டது. திறப்புகள் ஆர்னோ ஆற்றில் வீசப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் வில்லானி எழுதினார். ஐவரும் மாண்டனர்.

மகாகவி தாந்தே இருவரையும் நரகத்தின் பனிக்குழியில், துரோகிகளின் நடுவே வைத்தார். அங்கே பேராயரின் தலையை உகொலினோ கடித்துக் குதறுகிறார். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டொரே 1861 இல் அந்தப் பனிக்குழியைத் தீட்டினார். றெனோல்ட்ஸ் தெரிவுசெய்ததோ கோபுரத்தை. அங்கு துரோகம் மறைந்து தந்தை மட்டுமே எஞ்சுகிறார். புதல்வர் இருவரும் உண்மையில் வளர்ந்த ஆண்கள். நால்வரையும் இளம்பிள்ளைகளாக்கியவர் தாந்தே.

பசி தாங்காது பிள்ளைகளையே அவர் தின்றார் என்ற பழியும் நெடுங்காலம் நிலவியது. அவர்களுடையவை எனக் கருதப்பட்ட எலும்புகளை 2002 இல் மானிடவியலாளர் மலேஞ்ஞி ஆராய்ந்து, இறுதி மாதங்களில் உகொலினோ இறைச்சி உண்டமைக்குத் தடயம் இல்லையென்றார். அவை அவர்களுடைய எலும்புகள்தானா என ஐயுற்றோரும் உளர்.

இன்னொரு விடயம். ஓவியத்திலுள்ள முகம் பிரபு ஒருவருடையதன்று. றெனோல்ட்ஸின் முன் அமர்ந்தவர் ஜோர்ஜ் வைற், இலண்டன் வீதிகளில் கல் பதித்து வாழ்ந்த ஏழைத் தொழிலாளி.