வெள்ளை பிளாஸ்டிக் மூடியில் கறையா? தின்னரை எடுக்காதீர்கள்!

ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர், கம்ப்யூட்டர் என்று நம் அலுவலகங்களிலும் கடைகளிலும் இருக்கும் இயந்திரங்களில் பல, வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிற பிளாஸ்டிக் மூடியோடுதான் வருகின்றன. வாங்கிய சில மாதங்களிலேயே கைபடும் இடமெல்லாம் கறுத்துவிடுகிறது.

நாம் அறிந்த ஒரு கடையில் பழைய பிரிண்டர் ஒன்றை விற்பதற்கு முன் பளிச்சென்று ஆக்க நினைத்து, பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார்கள். கறை போனது. கூடவே மூடியின் மேற்பரப்பும் இளகி, துணியின் நெசவு அப்படியே பதிந்துவிட்டது. வாங்க வந்தவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார். இத்தகைய மூடிகள் பெரும்பாலும் 'ஏபிஎஸ்' என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். சில தின்னர்களிலும் சில நெயில் பாலிஷ் ரிமூவர்களிலும் அசிட்டோன் உண்டு.

எதைச் செய்வதானாலும் முதலில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட வேண்டும். லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் உள்ளே தாளைச் சுடாக்கும் உருளை ஏறத்தாழ 200 டிகிரி வரை சூடேறும். மூடியைத் திறப்பதானால் அது ஆறும்வரை பொறுத்திருங்கள். எந்தத் திரவத்தையும் இயந்திரத்தின் மீது நேராகத் தெளிக்காமல், துணியில் தொட்டே துடையுங்கள்.

கை அழுக்குக்குப் பெரிய மருந்து தேவையில்லை. ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு விட்டு, மெல்லிய துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். பிறகு வெறும் ஈரத்துணி, கடைசியாக உலர்ந்த துணி. பொத்தான்களைச் சுற்றிய இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

டோனர் கறை வேறு வகை. அது மை அல்ல, மிக நுண்ணிய பிளாஸ்டிக் தூள். சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். எனவே வெந்நீர் கூடவே கூடாது. முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு குளிர்ந்த நீர். வாயால் ஊதினால் தூள் மூச்சில் போகும். சட்டையில் பட்டாலும் இதே முறைதான்.

பேனா, ஸ்டாம்ப் பேடு, மார்க்கர் மைகளுக்கு செல்போன் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் 'ஐபிஏ' என்ற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உதவும். பின்பக்கத்தில் மறைவான இடத்தில் சோதித்த பிறகு, பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மை பரவும். திரையின் மீதும், எழுத்து அச்சிட்ட பொத்தான்கள் மீதும் வேண்டாம்; எழுத்தே அழிந்துவிடலாம். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய ஏடிஎம் கார்டால் வழித்தெடுத்து, சோப்பு நீரால் துடைக்கலாம்.

பற்பசையும், 'மேஜிக் ஸ்பான்ஜ்' என்று விற்கப்படுவதும் கறையைச் சுரண்டி எடுப்பவை. வழவழப்பான மூடியில் தேய்த்தால் பளபளப்பு போய், அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். அப்புறம் அழுக்கும் அங்கேதான் சீக்கிரம் பிடிக்கும்.

எவ்வளவு துடைத்தும் மஞ்சளாகவே இருக்கிறதா? அது கறையே அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர், வெப்பம், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றால் பிளாஸ்டிக்கே நிறம் மாறியிருக்கிறது. தீப்பிடிக்காமலிருக்கச் சில பிளாஸ்டிக்குகளில் சேர்க்கும் புரோமின் வேதிப்பொருட்களும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள் மூடியைக் கழற்றி ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். ஆனால் மஞ்சள் திரும்ப வரலாம். செறிவான பெராக்சைடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த முயற்சி வேண்டாம் என்பதே நம் கருத்து. இயந்திரத்தை ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி வைப்பது மேல்.

வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும் நச்சு.

மூடியைத் துடைக்கும்போதே ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியையும் பார்த்துவிடுங்கள். தாள் தானாக உள்ளே இழுக்கப்படும் வகையில், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரலகல கண்ணாடிப் பட்டை ஒன்று இருக்கும். அதில் ஒரு பொட்டு வொயிட்னர் ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு நகலிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். மெக்கானிக்கை அழைக்கும் முன் அந்தப் பட்டையை ஐபிஏ தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.