சிஸ்டரும் சித்தியும்

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் அகத்தில் அந்த வருஷம் கொலு வைத்திருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அடுத்த தெருவில் கணவரை இழந்த ஒரு இளம்பெண் இருந்தாள். அவளையும் அம்மா அழைத்திருந்தாள். வந்தவளை மற்றவர்களோடு உட்கார வைத்து, எல்லோருக்கும் கொடுத்தது போலவே வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் கொடுத்தாள். வந்திருந்த மாமிகளில் ஒருவர் சுண்டலைக் கூட வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார். இரவு அப்பா, "ஊர் வாயை மூட முடியுமா?" என்று கேட்டார். அம்மா சொன்னாள்: "சிஸ்டர் எத்தனை வருஷம் பேச்சு கேட்டிருக்கார்! எனக்கு ஒரு நாள் பேச்சு. போகட்டும்."

யார் அந்த சிஸ்டர் என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். 1950களில் கல்யாணமாகி பிரேசர் டவுனுக்கு வந்தாள். 1898ல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய பிறகு, கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைப்பதற்காக 1910ல் உருவான பேட்டை இது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியது. பின்னாளில் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் பிரேசர் டவுன் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. இங்கே வந்த பிறகும் அம்மா தினமும் மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்து, வீட்டு வேலை செய்ய வரும் பெண்களின் குழந்தைகளுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பைசா வாங்கியதில்லை. கேட்டால் அதற்கும் "சிஸ்டர்" என்பதுதான் பதில்.

அம்மா காலமான பிறகுதான் அந்த சிஸ்டரைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் அங்கத்தினர்களில் மூத்தவர்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். இளைய தலைமுறைக்காக எழுதுகிறேன்.

சகோதரி சுப்புலட்சுமி 1886 ஆகஸ்ட் 18ந்தேதி சென்னை மயிலாப்பூரில், தஞ்சை ஜில்லா ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் செங்கல்பட்டு வட்டாரத்திலேயே முதலாவதாகத் தேறிய குழந்தை. அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே விவாகம் நடந்தது. சில காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். புக்ககம் போய்க் குடித்தனம் என்று ஒன்று நடத்தாத பெண், விதவை என்ற பெயரை மட்டும் சுமந்தாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தலையை மழித்து, நார்மடி உடுத்தி, ஒரு வேளைச் சாப்பாட்டோடு அடுக்களை மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். இதை அந்நியர் யாரும் வந்து செய்யவில்லை. நம் வீடுகளில், நம் பெரியவர்கள், சாஸ்திரம் என்று நம்பிச் செய்தார்கள். நம் சமூகத்தின் பெருமைகளைப் பேசும்போது இதையும் ஒளிக்காமல் சொல்வதுதான் நியாயம்.

சுப்பிரமணிய ஐயரும் விசாலாட்சி அம்மாளும் மகளை அந்த மூலைக்கு அனுப்ப மறுத்தார்கள். தந்தையே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு கான்வென்ட் படிப்பு. குடும்பத்தைத் துறந்து பிறர் குழந்தைகளுக்குக் கற்பித்த கன்னிகாஸ்திரீகளை அங்கே பார்த்தது அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. 1911ல் பிரசிடென்ஸி கல்லூரியில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவர்தான். வெள்ளைப் புடவையும் சேவையுமாக வாழ்ந்தவரை, கன்னிகாஸ்திரீகளைப் போலவே "சிஸ்டர்" என்று ஊர் அழைத்தது.

பட்டம் பெற்ற மறுவருஷமே, 1912ல், வேலை தொடங்கிவிட்டது. அப்போது பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். இன்னொரு பக்கம், வீடுகளில் எந்த வேலையும் எதிர்காலமும் இல்லாமல் பால விதவைகள் முடங்கிக் கிடந்தார்கள். இந்த விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினால் இரண்டு குறையும் ஒருசேரத் தீரும் என்பதுதான் சிஸ்டரின் கணக்கு. பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச் துணை நின்றார். எழும்பூரில், சிஸ்டரின் குடும்பத்து வீட்டிலேயே, விரல் விட்டு எண்ணக்கூடிய சில பெண்களோடு விதவையர் இல்லம் பிறந்தது. அதே வருஷம் சாரதா லேடீஸ் யூனியன் என்ற மாதர் சங்கமும் தொடங்கியது.

இல்லம் வளர்ந்தது. இடம் போதாமல் பிற்பாடு கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபோனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ல் கட்டிய கட்டடம் அது. பின்பு பிலிகிரி ஐயங்காரின் கைக்கு வந்து, 1897ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய புண்ணியம் பெற்றது. பக்கத்துக் குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் சிஸ்டர் பாடம் கிடைக்கச் செய்தார். 1922ல் லேடி வில்லிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் பிரின்ஸிபால் அவரே.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

இல்லம் என்றால் பாடம் மட்டுமா? விடிகாலையில் யார் அடுப்பு மூட்டுவது? ஜுரத்தில் கிடக்கும் பெண்ணுக்கு யார் கஞ்சி வைப்பது? பத்து வயதில் எல்லாம் இழந்து, பயந்துபோய் வந்து நிற்கும் குழந்தையின் தலையை யார் தடவிக் கொடுப்பது? "ஆசாரம் கெட்டுப் போகாதே?" என்று கேட்டு நிற்கும் தகப்பனாருக்கு யார் தைரியம் சொல்வது? இதையெல்லாம் தாங்கியவர் வாலாம்பாள் என்ற அம்மாள். சிஸ்டரின் தாயார் விசாலாட்சியின் தங்கை. அவரும் விதவை. குழந்தை கிடையாது. எல்லோருக்கும் அவர் "சித்தி". சிஸ்டரை வளர்த்த கைகளில் அவருடைய கையும் ஒன்று. இல்லத்தின் அடுக்களையும் அகமும் அவர் பொறுப்பு. சிஸ்டர் வெளியே போய்ப் பாடம் சொல்ல முடிந்தது, உள்ளே சித்தி இருந்ததால்.

சிஸ்டருக்கு 1920ல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது, 1958ல் பத்மஸ்ரீ. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோதும் பால்ய விவாகத்தை எதிர்த்துப் பேசினார்; ஜோஷி கமிட்டி முன் சாட்சியம் சொன்னார். பெண்ணுக்கு 14, பிள்ளைக்கு 18 என்று குறைந்தபட்சத் திருமண வயதை வைத்த சட்டம் 1930ல் அமலுக்கு வந்தது. ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. வயது வந்த பெண்களுக்காக 1942ல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1952லிருந்து 1956 வரை மேல்சபை உறுப்பினராக இருந்தார். மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளி எழும்பியதிலும் அவர் பங்கு உண்டு. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று காலமானார்.

சித்திக்குப் பட்டமும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆனால் அந்த இல்லத்தில் படித்து ஆசிரியைகளான பெண்கள் எத்தனை ஊர்களில், எத்தனை பேருக்கு அட்சரம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்! அவர்கள் எல்லோரும் சித்தி கையால் சாப்பிட்டவர்கள். பெற்றால்தான் தாயார் என்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இதைப் படித்து முடித்த அன்று, எங்கள் அகத்துப் பழைய குரூப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரிசை ஓரத்தில், முக்காடு போட்டுக்கொண்டு பாதி முகம் தெரிய ஒரு அத்தைப் பாட்டி நிற்கிறார். அப்பாவையும் அவர் உடன்பிறந்தவர்களையும் வளர்த்தவர் அவர்தான் என்று சொல்வார்கள். அவர் போட்ட வடாமும் ஊறுகாயும் குடும்பத்தில் பிரசித்தம். நாங்கள் "பாட்டி" என்றே கூப்பிட்டோம். பெரியவர்கள் "அக்கா" என்றார்கள். அவருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இன்று இல்லை.

அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. எந்த ஊரில் இருந்தாலும் சரி, உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தியோ அத்தைப் பாட்டியோ இருந்திருப்பார். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருக்கும்போதே கேட்டு, அவர் பெயரையும், பிறந்த ஊரையும், யார் யாரை வளர்த்தார் என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வருஷா வருஷம் சிராத்தத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிறோம். அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களை நம் நோட்டுப் புத்தகமாவது நினைவில் வைத்திருக்கட்டும்.